டி.எஸ்.எச். நார்மல்தான், அப்புறம் ஏன் குளிருது?

"கடல்பாசி எடுக்கப் போறவ நான். சித்திரை வெயில்லயும் உடம்பு குளிருது. அசதி, மலச்சிக்கல் வேற. டி.எஸ்.எச். 1.8, தைராய்டு இல்லைன்னுட்டாங்க. கடைசிப் பிள்ளைக்குப் பாலே ஊறல. ஆறு வருசமா தீட்டும் வரல." – பாம்பன் வாசகி

கடிதத்தின் கடைசி வரிதான் என்னை உலுக்கியது. அந்தப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனதா? மூளைக்கு அடியில் இருந்துகொண்டு பால், தீட்டு, தைராய்டு எல்லாவற்றையும் ஏவுவது பிட்யூட்டரி சுரப்பி. கர்ப்பத்தில் அது பெருத்திருக்கும். அந்த நேரம் ரத்த ஓட்டம் திடீரென்று குறைந்தால் அதில் ஒரு பகுதி செத்துப்போகும். 1937-ல் ஷீஹான் என்ற மருத்துவர் விவரித்த கோளாறு இது. டி.எஸ்.எச். என்பது தைராய்டுக்குப் பிட்யூட்டரி போடும் உத்தரவு. உத்தரவு போடுகிறவரே படுத்துவிட்டால் அந்த எண்ணை நம்பிப் பயனில்லை, நார்மலாகக்கூடக் காட்டும். தைராய்டு ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4 பாருங்கள். கூடவே காலை எட்டு மணி வாக்கில் கார்டிசாலும் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன், அதற்கும் பிட்யூட்டரிதான் உத்தரவு) சோடியமும். அக்குள் முடி உதிர்ந்திருந்தால், எழுந்து நிற்கும்போது கிறுகிறுத்தால், கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கார்டிசால் குறைவாக இருந்தால் முதலில் அதற்கு மாத்திரை, பிறகுதான் தைராய்டு மாத்திரை. வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து.

"கருவேல மூட்டம் போடப் போன இடத்துல வீட்டுக்காரரைக் கண்ணாடி விரியன் கடிச்சு, டயாலிசிஸ் வரை போய்ப் பிழைச்சாரு. இப்ப எந்நேரமும் தூக்கம். மாசக்கணக்கா சவரம் பண்ணல, தாடியே வளரல." – தொண்டி வாசகி

வளராத தாடியைக் கவனித்தீர்கள் பாருங்கள், அது பெரிய துப்பு. விரியன் விஷம் பிட்யூட்டரியையும் தாக்கும். நம் நாட்டிலும் இலங்கை, பர்மாவிலும் பார்த்திருக்கிறார்கள். கடிபட்டு மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூடத் தெரியவரும். ஹார்மோன் மருத்துவரிடம் பாம்புக்கடியைத்தான் முதலில் சொல்லுங்கள், அவராகக் கேட்கமாட்டார்.

"மீன் அதிகம் தின்றால் சரியாகுமா?" – தேவிபட்டினம் வாசகர்

ஆகாது. பிட்யூட்டரி படுத்து வரும் தைராய்டுக் குறைவு அயோடின் குறையால் வருவதில்லை. கழுத்தும் பெரும்பாலும் வீங்காது. மீனை ருசிக்காகத் தின்னுங்கள்.

"பிட்யூட்டரி ஆபரேஷன் முடிந்து தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். டி.எஸ்.எச். 0.1 என்று வந்ததும் மருந்துக்கடைத் தம்பி பாதியாகக் குறைக்கச் சொன்னார். நோன்பும் வருகிறது." – கீழக்கரை வாசகர்

குறைக்காதீர்கள். உங்களுக்கு டி.எஸ்.எச். கணக்கே கிடையாது. ஃப்ரீ டி4 நார்மல் அளவின் மேல்பாதியில் நின்றால் போதும். ரத்தம் கொடுக்கும் அன்று மாத்திரையைப் பரிசோதனைக்குப் பின் போடுங்கள். நோன்பில், சஹருக்கு (விடியுமுன் சாப்பாட்டுக்கு) அரைமணி முன்பு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடலாம். ஆனால் கார்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டு மாத்திரையும் உண்டென்றால், நோன்பு வைப்பதற்கு முன் உங்கள் மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள்.

"தலைவலி. நடக்கும்போது கதவு நிலையில் தோள் இடிக்கிறது." – மண்டபம் வாசகர்

பக்கவாட்டுப் பார்வை குறைகிறதோ என்று சந்தேகப்படுகிறேன். பிட்யூட்டரிக் கட்டி கண் நரம்பை அழுத்தினால் இப்படி ஆகும். கண்ணாடியை மாற்றிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். பார்வைப் பரப்புச் சோதனையும் எம்.ஆர்.ஐ.யும் இந்த வாரமே.