துணி நப்பியில் மூத்திர வாடை போகாவிட்டால்

தங்கச்சி, கல்லடியில் கிணத்துத் தண்ணியில், முன்பக்கம் திறக்கிற மெசினில் நப்பி கழுவுகிறீர்கள். காய்ந்த பிறகு வாடையே இல்லை, பிள்ளை நனைத்த உடனே கண் எரிகிற மாதிரி அடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பழைய மூத்திரம் துணிக்குள் மிச்சமிருப்பதால்தான் அது.

இந்த வகை மெசின் உள்ளே கிடக்கிற துணியின் அளவுக்குத்தான் தண்ணி எடுக்கும். நாலைந்து நப்பியை மட்டும் போட்டால் சரியாக அலசாது. முதலில் கொஞ்சம் தூளோடு குறுகிய கழுவல் ஒன்று விடுங்கள். அப்புறம் பிள்ளையின் சின்ன உடுப்புகளையும் சேர்த்து, டிரம் முக்கால்வாசி நிரம்ப, 60 பாகையில் நீண்ட கழுவல். தண்ணி புகாத மேலுறைக்கு 40 போதும்.

பெரிய சந்தேகம் எனக்குக் கிணத்துத் தண்ணியில்தான். சவர்க்காரம் நுரைக்காமல் வாளி ஓரத்தில் வெள்ளையாய்ப் படிகிறதா? அப்படியென்றால் அது கடினத் தண்ணி. தூளில் ஒரு பங்கை அதிலுள்ள கல்சியமே தின்றுவிடும். நப்பிக்குத் தூளைக் குறைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணி வீட்டுக்கு வருகிறதென்றால் மெசினை அதில் பொருத்துங்கள்.

கடைசியாக வெறும் தண்ணியில் ஒருமுறை அலசவிட்டுக் கண்ணாடிக் கதவு வழியே பாருங்கள். நுரை தெரிந்தால் இன்னொருமுறை அலச வேண்டும். மணத்துக்காக ஊற்றுகிற கண்டிஷனர் மட்டும் வேண்டவே வேண்டாம், நப்பி ஈரத்தை உறிஞ்சாது. பிள்ளையின் தோல் சிவந்து புண்ணாகியிருந்தால் நாளைக்கே மிட்வைஃபிடம் காட்டுங்கள்.