பாவாடை நாடா அடியில் ஒரு கறுப்புப் பொருக்கு

கேள்வி: ஆட்டுக்குப் புல் அறுக்கப் போகும் என் அம்மாவுக்கு எட்டு நாளாகக் காய்ச்சல், தலைவலி. டெங்கு, மலேரியா இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அமாக்சிசிலின் சாப்பிட்டும் குறையவில்லை. பாவாடை நாடா கட்டும் இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கிறது. வலி இல்லையாம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: உண்டு. உங்களுக்கு உடனே தனியாக எழுதிவிட்டோம், இது மற்றவர்களுக்காக.

ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலின் அடையாளம் அந்தப் பொருக்கு. பத்திரிகைகள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுவதால் எல்லோரும் மாட்டு உண்ணியைத் தேடுகிறார்கள். பரப்புவது அதுவல்ல, 'மைட்' என்ற பொடிப்பூச்சியின் குஞ்சு. அதற்கு ஆறு கால்கள், நீளம் கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. புல் நுனியில் காத்திருந்து ஆடையில் தொற்றி, துணி இறுக்கும் இடமாகப் பார்த்துக் கடிக்கும். கடித்தது தெரியாது. 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் வரும். நம் பக்கம் ஐப்பசி மழைக்குப் பின் புதர் மண்டும்போது அதிகம்.

பொருக்கு சிகரெட்டால் சுட்டதுபோல் நடுவில் கறுத்து, சுற்றிலும் சிவந்திருக்கும். அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடி, காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள். வியர்வை படும் இடத்தில் மேல்தோல் உதிர்ந்து வெறும் புண்ணாகத் தெரியும். பக்கத்தில் நெறி கட்டும். கூச்சத்தால் காட்டாமல் விடுவதும், மஞ்சள் பற்றுப் போட்டு மறைப்பதும்தான் நோயைத் தவறவிடக் காரணம். பொருக்கே இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும்.

இந்தக் கிருமி நம் உடல் செல்லுக்குள்ளேயே வாழ்வது. அதனால் அமாக்சிசிலின், செஃபிக்ஸிம் வகைகள் பலிக்காது. டாக்ஸிசைக்ளின் கேட்கும்: பெரியவர்களுக்கு 100 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, வழக்கமாக 7 நாள், மருத்துவர் சொன்னபடி. சாப்பிட்ட பின் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். பால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளைக் கூடவே எடுத்தால் மருந்து சரியாக உடலில் சேராது. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விடும், நம்பி நிறுத்திவிடாதீர்கள். இந்தக் காய்ச்சலைக் கண்டறியும் 'ஐ.ஜி.எம். எலிசா' ரத்தப் பரிசோதனை முதல் சில நாட்களில் நெகடிவ் காட்டலாம், ஆகவே பொருக்கைப் பார்த்ததுமே மருந்தைத் தொடங்குவதுதான் முறை. மூச்சுத்திணறல், குழப்பம், சிறுநீர் குறைவு வந்தால் பெரிய மருத்துவமனைக்கே போய்விடுங்கள்.

காட்டிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, கட்டியிருந்த சேலையை வெந்நீரில் ஊறவையுங்கள். அதையே கட்டிக்கொண்டு சமைக்க உட்கார வேண்டாம்.

கேள்வி: மாட்டு உண்ணி கடித்தால் பயமில்லையா?
- வாசகர், மேலூர்

பதில்: அப்படியும் இல்லை. சில உண்ணிகள் வேறொரு டைபஸைத் தரும். அதில் உள்ளங்கை, உள்ளங்காலிலும் தடிப்பு வரும். உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.