பிரேக் துரு: எங்கே சுரண்டலாம், எங்கே கை வைக்கக்கூடாது?

என் பழைய மாருதி 800, சாரல் காலம் முழுக்க நிறுத்தியே கிடந்தது. முன்பக்கக் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் கவ்வி) துரு ஏறி ஒரு சக்கரம் சுற்ற மறுக்கிறது. ஆசிட்டில் போட்டு எடுத்தால் புதுசாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், செங்கோட்டை

வேண்டாம். ஆசிட் துருவோடு நிற்காது, இரும்பையும் தின்னும். சரியாகக் கழுவாவிட்டால் இடுக்குகளில் தங்கி, அடித்த பெயின்டை உள்ளிருந்தே கிளப்பிவிடும். சலவைச் சோடாவும் பேட்டரி சார்ஜரும் போதும்.

முதலில் காலிப்பருக்குள் இருந்து பேடை அழுத்தும் உருளையான பிஸ்டனை எடுங்கள். பிரேக் ஹோஸைக் கழற்றும் முன்பே, பேடுகளை (டிஸ்க்கை உரசி நிறுத்தும் கட்டைகள்) எடுத்துவிட்டு நடுவில் மரக்கட்டை வைத்துப் பெடலை மெதுவாக மிதித்தால் பிஸ்டன் வெளியே தள்ளப்படும். கம்ப்ரஸர் காற்றில் தள்ளுவதானால் விரலை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும்.

ரப்பர் எல்லாவற்றையும் கழற்றிய வெறும் காலிப்பரை பிளாஸ்டிக் வாளியில் இறக்குங்கள். 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. சார்ஜரின் நெகட்டிவ் காலிப்பருக்கு, பாசிட்டிவ் ஒரு சாதாரண இரும்புத் துண்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் காலிப்பர்தான் கரையும். எவர்சில்வர் துண்டு கூடவே கூடாது, அதிலிருந்து நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜராக இருக்கட்டும். தானாக நிற்கும் புது வகை, பேட்டரி இல்லாமல் கரண்டே விடாது. குமிழியாக வருவது ஹைட்ரஜன். எனவே திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம். இரவு முழுக்க விட்டு, சார்ஜரை அணைத்த பிறகு எடுத்தால் துரு கருப்புப் பொடியாக மாறியிருக்கும். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி உடனே உலர்த்துங்கள். ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே மறுபடி செம்மை தட்டும்.

சக்கரம் இறுகியதற்கு முக்கியக் காரணம் பெரும்பாலும் வெளித்துரு இல்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான சீல் உட்காரும் பள்ளத்தில் துரு சேர்ந்து சீலை உள்ளே தள்ளும், அது பிஸ்டனை இறுக்கும். பெடலை மிதிக்கும்போது லேசாக முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும் அந்த சீல்தான் பிஸ்டனைப் பின்னால் இழுப்பது. அதனால் அந்தப் பள்ளத்தை மூலை வரை சுத்தம் செய்யுங்கள், ஆனால் அகலப்படுத்திவிடாதீர்கள். பிஸ்டன் துளையின் சுவரில் சின்னத் துருப் புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை. பிஸ்டனின் மேற்பரப்பில் குழி இருந்தால் மட்டும் மன்னிப்பே கிடையாது, புதுசு வாங்குங்கள். சீல் வழுக்குவது அதன்மேல்தான்.

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதையும் பிரேக் ரப்பர் அருகே கொண்டுவராதீர்கள், ஊதிப்போகும். பூட்டும்போது புது சீலில் புது பிரேக் ஆயில் தடவுங்கள். காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ். பேரிங் கிரீஸ் வேண்டாம். ஹோஸின் செம்பு வாஷர்களைப் புதுசாகப் போட்டு, பிரேக் குழாயில் சிக்கிய காற்று வெளியேறும்வரை பிளீட் செய்து, பெடல் கெட்டியான பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

காலிப்பருக்கு சைலன்சர் பெயின்ட் அடித்தேன், உரிகிறது. கடற்கரைக் காற்றாலா?
– வாசகர், குளச்சல்

உப்புக் காற்றின் மேல் முழுப் பழியையும் போடாதீர்கள். அந்த வகை பெயின்ட் சைலன்சர் சூட்டில் வெந்தால்தான் கெட்டிப்படும். அன்றாட ஓட்டத்தில் காலிப்பர் அவ்வளவு சுடாது. வேகாத பெயின்டில் பிரேக் ஆயில் பட்டால் கரைந்துவிடும். ஹார்டுவேர் கடை எனாமலுக்கும் அதே கதிதான். ஹார்டனர் கலக்கும் எபாக்ஸி காலிப்பர் பெயின்ட் வாங்குங்கள். மெல்லியதாக இரண்டு மூன்று கோட்டிங் போதும். பிஸ்டன் துளை, பின் துளை, பேட் நகரும் தளம், திருகு மரை எல்லாவற்றையும் டேப்பாலும் துணியாலும் மூடிவிட்டு அடியுங்கள். பேட் தளத்தில் பெயின்ட் ஏறினால் பேட் மாட்டிக்கொண்டு பிரேக் இழுக்கும்.

அம்பாசிடர் பிரேக் டிரம்மைத் திறந்தால் தூசி. காற்றடித்து ஊதலாமா? ஸ்பிரிங்கையும் சேர்த்து ஊறவைக்கலாமா?
– வாசகர், குமுளி

ஊதவே வேண்டாம். பழைய லைனிங்கில் (டிரம்மை உரசும் பட்டை), மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோப்புத் தண்ணீரால் நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறியுங்கள். ஸ்பிரிங்கை ஆசிட்டிலும் போடாதீர்கள், சார்ஜர் வாளியிலும் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே ஏறினால் ஸ்பிரிங் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். துருப்பிடித்ததை வைத்துப் போராடாமல் புது செட் வாங்குங்கள், விலை அதிகமில்லை. டிரம்மின் வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் அடிக்கலாம்.