அந்தக் குரல் எப்படித் தாங்குகிறது?

பிரிட்டனின் ஹெவி மெட்டல் இசைக்குழுவான அயர்ன் மெய்டனின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு எங்கள் இசைப் பகுதிக் குழுவின் பதில்கள்.

கே: அயர்ன் மெய்டனைத் தொடங்கியவர் டிக்கின்சன்தானா?
வாசகர், சேலம்

இல்லை. 1975-ல் கிழக்கு லண்டனில் குழுவைத் தொடங்கியவர் பேஸ் கிதார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ். முதல் இரண்டு ஆல்பங்களில் பாடியவர் பால் டியானோ. 1958-ல் வொர்க்சாப்பில் பிறந்த டிக்கின்சன் அப்போது சாம்சன் என்ற குழுவில் இருந்தார். 1981 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ரெடிங் இசை விழாவில் அவர் பாடியதைக் கேட்ட மெய்டன் மேலாளர் ராட் ஸ்மால்வுட் அங்கேயே பேச்சைத் தொடங்கிவிட்டார். மெய்டனில் அவர் பாடிய முதல் ஆல்பமாக 1982 மார்ச்சில் வெளிவந்த 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

1993-ல் விலகி 1999-ல் திரும்பினார். இடைக்காலத்தில் பாடிய பிளேஸ் பேலியைக் குறை சொல்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அவருடையது இயல்பிலேயே தாழ்ந்த குரல். டிக்கின்சனின் உச்ச ஸ்தாயிக்காக அமைந்த பாடல்களை இரவுக்கு இரவு பாடவேண்டி வந்தால் அப்படிப்பட்ட எந்தக் குரலும் திணறும்.

கே: 17 வயது மகன் மெய்டன் பாடல்களைக் கத்திக் கத்திப் பழகுகிறான். அடிக்கடி தொண்டை கட்டிக்கொள்கிறது. நிறுத்தச் சொல்லலாமா?
வாசகி, மதுரை

பாடுவதை நிறுத்த வேண்டாம் அம்மா, கத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள். டிக்கின்சன் கத்துவதில்லை. சுருதி விலகாமல், தொண்டையை இறுக்காமல், ஒலியை வாயின் முன்பகுதியிலும் முகத்திலும் அதிரவிட்டு உயரே கொண்டுபோகிறார். 1982 ஆல்பத்தின் தலைப்புப் பாடலில் அவர் பாடத் தொடங்கும் முதல் வரிகளை மட்டும் தயாரிப்பாளர் மார்ட்டின் பர்ச் மணிக்கணக்கில் திரும்பத் திரும்பப் பாடவைத்தார். அந்த வரிகள் அடங்கிய குரலில் வருபவை. உரக்கப் பாடுகிற இடத்தைவிட அடக்கிப் பாடுகிற இடத்தில்தான் மூச்சுக் கட்டுப்பாடு அதிகம் வேண்டும். உங்கள் மகனும் அங்கிருந்து தொடங்கட்டும்.

தொண்டை கட்டுவதற்குக் காரணம், குரல் நாண்கள் ஒன்றோடொன்று மிகப் பலமாக மோதிக்கொள்வது. மூச்சு போதாதபோது கழுத்துத் தசை அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்ளும், நாண்கள் வீங்கும். வீக்கத்தோடு தொடர்ந்து பாடினால் காய்ப்பு விழும்.

பாடுவதற்கு முன் 5 நிமிடம் ஸ்ட்ரா பயிற்சி செய்யச் சொல்லுங்கள். பாதி டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனி 2 அல்லது 3 செ.மீ. மூழ்கட்டும். அதன் வழியே 'ஊ' என்று மெதுவாகக் கீழிருந்து மேலும், மேலிருந்து கீழும் இழுக்க வேண்டும். குமிழிகள் ஒரே சீராக வந்தால் மூச்சு சரியாகப் போகிறது. விட்டு விட்டு வந்தால் எங்கோ இறுக்குகிறான் என்று பொருள். பிறகு பாடலை அரைக்குரலில், இரண்டு மூன்று சுருதி இறக்கிப் பாடட்டும். வலியில்லாமல் வந்தால் வாரத்துக்கு ஒரு சுருதி ஏற்றலாம். வயிறும் விலாவும் விரியும்படி மூச்சை இழுக்க வேண்டும், தோள் மேலேறக் கூடாது. நம் அகார சாதகம் (ஸ்வரங்களை 'ஆ' என்று நீட்டிப் பாடும் பயிற்சி) தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் இதில் பாதியை அவரே சொல்லித் தருவார்.

தொண்டை கட்டிய நாளில் கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வாகாது, அதுவும் நாண்களைச் சிரமப்படுத்தலாம். செருமுவதையும் தவிர்க்க வேண்டும். குடிக்கும் தண்ணீர் நாண்களை நேரே தொடுவதில்லை, உடம்பு முழுவதும் நனைந்த பிறகுதான் பலன் தெரியும். ஆகவே நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மேடை ஏறப்போகிறான் என்றால் இன்னொன்று. மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது பார்க்க வீரமாக இருக்கும். ஆனால் பின்பக்க ஒலியைத் தள்ளும் துளைகள் அடைபட்டு, ஸ்பீக்கர் சத்தத்தையும் மைக் வாங்கிக்கொண்டு ஊளையிடும். தன் குரல் தனக்கே கேட்காமல் மறுபடி கத்துவான். கைப்பிடியில் பிடிக்கச் சொல்லுங்கள்.

கே: நாக்கில் புற்றுநோய் வந்த பிறகும் எப்படிப் பாடுகிறார்?
வாசகர், திருநெல்வேலி

2014 டிசம்பரில் நாக்கின் அடிப்பகுதியில் கோல்ஃப் பந்தளவு கட்டியும், கழுத்து நிணநீர்க் கணுவில் இன்னொன்றும் கண்டுபிடிக்கப்பட்டன. 33 முறை கதிர்வீச்சும் ஒன்பது வார கீமோதெரபியும் எடுத்துக்கொண்டார். 2015 மே மாதம் நோய் நீங்கியதாக அறிவிப்பு வந்தது. குரல் நாண்களில் கட்டி இல்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் கதிர்வீச்சு உமிழ்நீர்ச் சுரப்பிகளை வறளவைக்கும், சளியைக் கெட்டிப்படுத்தும், நாக்கின் அடியை விறைக்கச் செய்யும். உயிரெழுத்துகளின் வடிவமே நாக்கின் வளைவில்தான் இருக்கிறது என்பதால், பழைய இடத்தில் பழைய ஒலி பிடிக்க அவர் பொறுமையாகப் பழக வேண்டியிருந்தது. குழுவும் அவசரப்படுத்தவில்லை. நோய் தெரியும் முன்பே பாரிஸில் பதிவாகியிருந்த ஆல்பம் 2015 செப்டம்பரில் வந்தது, சுற்றுப்பயணம் 2016 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது.

இந்த நோய்க்கும், பாலுறவு வழியே பரவும் எச்.பி.வி. வைரஸுக்கும் உள்ள தொடர்பை அவர் கூச்சமின்றிப் பொதுவில் பேசினார். அதற்காகவே அவரை மதிக்கிறோம். ஆண்களுக்கும் வரும் வைரஸ் இது. கழுத்தில் வலியில்லாத கட்டி மூன்று வாரம் கரையாமல் இருந்தால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

கே: குழுவின் விமானத்தை அவரே ஓட்டினார் என்பது உண்மையா?
வாசகர், கோவை

உண்மை. ஆஸ்ட்ரேயஸ் நிறுவனத்தில் போயிங் 757 விமானியாகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் அவர். 2008-ல் அந்த 757-ன் பின்பகுதி இருக்கைகளைக் கழற்றி, குழுவினரோடு சுமார் 12 டன் மேடைக் கருவிகளையும் ஏற்றினார்கள். கப்பலில் கருவிகளை அனுப்பினால் வாரக்கணக்காகும். பக்கத்துப் பக்கத்து நாடுகளோடு நின்றுவிட வேண்டும். இந்த ஏற்பாட்டால் பிப்ரவரி 1 அன்று மும்பையில் தொடங்கி 45 நாளில் 23 நிகழ்ச்சிகள் நடந்தன.

2016-ல் அதைவிடப் பெரிய போயிங் 747-400 விமானம் வந்தது. அதன் அடிவயிற்றுச் சரக்கறையே போதுமென்பதால் இருக்கையைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. அதை ஓட்ட டிக்கின்சன் தனிப் பயிற்சி எடுத்துத் தகுதி பெற்றார். அந்த மார்ச்சில் சிலியின் சாந்தியாகோவில், எரிபொருள் நிரப்ப இழுத்துச் செல்லும்போது ஸ்டீயரிங் அமைப்பின் ஆணி கழன்று, திருப்ப வழியில்லாமல் விமானம் இழுவை வண்டியில் மோதியது. இரண்டு எஞ்சின்கள் சேதமாயின, இழுவைப் பணியாளர்கள் இருவர் காயமடைந்தனர். கருவிகளை வேறு வழியில் அனுப்பி நிகழ்ச்சிகளைத் தொடர்ந்தார்கள்.

கே: தென்னிந்தியாவுக்கு வந்திருக்கிறார்களா?
வாசகர், வேலூர்

2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். 2009-லும் பெங்களூருக்கு வந்தார்கள்.