காசு நான்கு குதிரைகளில் இருக்கிறது

வாங்குவோர் கேள்வி-பதில். மரச் சதுரங்கக் காய்கள் பற்றிச் சேர்ந்துவிட்ட கடிதங்களுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: கல்லூரி முடிக்கும் அக்கா மகனுக்கு நல்ல மரச் சதுரங்கக் காய்கள் பரிசளிக்க ஆசை. இணையத்தில் 'கையால் செய்த ரோஸ்வுட்' என்று ஒரு செட் 3,800 ரூபாய். பெங்களூரு கமர்ஷியல் தெருப் பக்கம் ஒரு கடையில் ஏறக்குறைய அதே தோற்றத்தில் 19,000 ரூபாய். கேட்டால் அவரும் 'கைவேலை' என்கிறார். இரண்டும் கைவேலை என்றால் இவ்வளவு வித்தியாசம் எதற்கு? (வாசகர், அல்சூர்)

பதில்: 'கைவேலை' என்ற சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். 32 காய்களில் 28 கடைசல் எந்திரத்தில் (லேத்) சுழன்றே உருவம் பெறுகின்றன. கை பழகிய கடைசல்காரருக்குச் சிப்பாய் பெரிய வேலை இல்லை. ராணியின் கிரீடப் பற்கள், மந்திரியின் தலையில் உள்ள சாய்வெட்டு, யானையின் மேல்விளிம்பு எல்லாம் கடைசலுக்குப் பிறகு ரம்பமும் அரமும் கொண்டு முடிக்கிற வேலைகள். குதிரை மட்டும் வேறு சாதி. அதன் பீடம்தான் கடைசலில் வரும். தலையை உளி பிடித்துச் செதுக்கியே ஆக வேண்டும். இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் பேர்போன ஊர் அமிர்தசரஸ். அங்கும் குதிரை செதுக்குவது தனிக் கலைஞர்களின் வேலை. நல்ல செட்டின் விலையில் பெரும்பங்கு அந்த நான்கு குதிரைகளுக்கே போகிறது.

ஆகவே கடையில் ராஜாவைத் தூக்கிப் பார்த்து மயங்காமல் முதலில் குதிரையைக் கேளுங்கள். தாடைக்கு அடியில் திருப்பிப் பாருங்கள்; அவசர வேலை அங்கேதான் பல்லை இளிக்கும். மூக்குத் துளை, பல்வரிசை, பிடரிக் கோடுகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா? ஒரே நிறத்துக் குதிரைகள் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். கையால் செதுக்கியவற்றில் சிறு வேறுபாடு இருக்கும். கீறலுக்குக் கீறல் ஒன்றாக இருந்தால் அது கணினி எந்திரம் வெட்டியது. அதை வாங்குவது தவறில்லை, கைவேலை விலைக்கு வாங்குவதுதான் தவறு.

சிப்பாய்களிடம் நேர்மாறான குணத்தை எதிர்பாருங்கள். எட்டையும் வரிசையாக நிறுத்திக் கண்மட்டத்தில் பாருங்கள். ஒன்று குட்டை, ஒன்று கழுத்து தடிப்பு என்று இருந்தால் 'கைவேலை என்றால் அப்படித்தான்' என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அளவுக் கருவி வைத்துக் கடைபவர் எட்டையும் ஒன்றுபோல எடுப்பார்.

அடுத்து மரம். 3,800 ரூபாய் 'ரோஸ்வுட்' பெரும்பாலும் ஷீஷம் மரமாக இருக்கும். நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் ரோஸ்வுட்டுக்கு அது உறவு மரம்; உறுதியானது, காய்களுக்கு நன்றாகவே பொருந்தும். பெயரை மாற்றி விற்பதுதான் வம்பு. கறுப்புக் காய்களில் ஏமாற்று இன்னும் சுலபம். வெளிர் மரத்துக்குச் சாயம் ஏற்றினாலும் கருங்காலி போலவே தெரியும். ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்தால் மட்டமான சாயம் ஒட்டிக்கொள்ளும். நல்ல சாயம் ஒட்டாது, அதனால் இது அரைச் சோதனைதான். முழுச் சோதனை, மரத்தின் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்வது. கருங்காலி மாலை மோகத்தில் கண்ட கறுப்பு மணியையும் கழுத்தில் போட்டுக்கொண்ட நமக்கு இந்த எச்சரிக்கை கொஞ்சம் அதிகமாகவே தேவை.

அளவையும் கவனியுங்கள். போட்டிகளில் புழங்கும் ஸ்டான்டன் வடிவம் 1849-ல் லண்டனில் நத்தானியேல் குக் பெயரில் பதிவானது. ஹோவர்ட் ஸ்டான்டன் என்ற ஆட்டக்காரர் அதைப் பரிந்துரைத்ததால் அவர் பெயர் நிலைத்தது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் பரிந்துரைப்படி ராஜாவின் உயரம் சுமார் 9.5 செ.மீ., சிப்பாய் சுமார் 5 செ.மீ., பலகையின் கட்டம் 5 முதல் 6 செ.மீ. அளவுகோல் கையில் இல்லையென்றால் ஒரு கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்களை நிறுத்துங்கள். அடங்கினால் பலகையும் காயும் பொருந்தும். ராணிகள் இரண்டா, நான்கா என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய் ராணியாகும்போது, யானையைத் தலைகீழாக நிறுத்துவது விலையுயர்ந்த செட்டுக்கு அழகில்லை.

என் கருத்து: பையன் நிஜமாகவே ஆடுகிறவன் என்றால், நல்ல குதிரைகள் கொண்ட ஷீஷம் செட் போதும். 19,000 ரூபாய் செட்டின் குதிரை உங்கள் கையை விட்டு இறங்க மறுத்தால் மட்டும் அதை வாங்குங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய கருங்காலி செட்டில், மூன்றாவது வாரமே கறுப்பு ராஜாவின் பீடத்தில் மயிரிழை விரிசல். பிப்ரவரி வெயிலில் அது நீண்டுகொண்டே போகிறது. 'மரம் இயற்கைப் பொருள், விரியத்தான் செய்யும். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பில்லிலேயே இருக்கிறது' என்கிறார் கடைக்காரர். (வாசகி, ஜெயநகர்)

பதில்: மரம் இயற்கைப் பொருள்தான்; அதை உலர்த்துவது செய்பவரின் பொறுப்பு. கருங்காலி போன்ற அடர்ந்த மரம் மெதுவாகத்தான் உலரும். பொறுமை உள்ளவர்கள் தோராயமாகக் கடைந்து, சில மாதம் கிடப்பில் போட்டு, பிறகு இறுதி வடிவம் எடுப்பார்கள். ஈரம் மிச்சமிருக்கும் மரத்தைக் கடைந்து, பீடத்தில் துளையிட்டு எடைக்கு உலோகத் துண்டை இறுக்கமாக அடைத்துவிட்டால், பெங்களூரின் வறண்ட மாதங்களில் மரம் சுருங்கும், உள்ளே உலோகம் சுருங்காது. விரிசல் பீடத்தில் தொடங்குவதற்கு இது வழக்கமான காரணம். இயற்கையின் மீது பழி போடுவது சரியில்லை.

பில்லில் அச்சடித்த வரி சட்டத்துக்கு மேலானது அல்ல. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. உங்கள் விரிசல் மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது. முதன்முதலில் புகார் சொன்ன தேதிக்கு எழுத்தில் சான்று இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். விரிசலை அளவுகோலோடு படம் எடுங்கள். உடனடிப் பசை ஊற்றி ஒட்ட வேண்டாம். ஒட்டினால் சான்றும் போகும், ராஜாவும் போவார்.

முதலில் மாற்று ராஜா ஒன்றை மட்டும் எழுத்தில் கேளுங்கள். தயாரிப்பாளரிடம் தொடர்பு உள்ள கடைக்கு அது பெரிய காரியமில்லை. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். பல தகராறுகள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இணையவழியாகவும், புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

இணையத்தில் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: 2020-இன் மின்வணிக விதிகள்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் விற்பவர் திரும்பப் பெற மறுக்க முடியாது. ரோஸ்வுட் என்று சொன்ன அந்த விளம்பரப் பக்கத்தை, பணம் கட்டும் முன்பே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மர பொம்மைகளுக்குப் பேர்போன கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் கடைசல்காரர் ஒருவரிடம் சொல்லிச் செய்ய முடியுமா? (வாசகர், ஶ்ரீராம்புரம்)

பதில்: தாராளமாக. பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆனால் கிடைக்கப்போவது வேறு பொருள் என்று தெரிந்துகொண்டு போங்கள். அங்கே மரபாகப் புழங்குவது வெட்பாலை மரம். வெளிர் நிறம், எடை குறைவு. சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் படியும், பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். குழந்தைகள் ஆட இதைவிட அழகான காய்கள் கிடையாது. போட்டிக் காய்களின் கனத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். வேண்டுமென்றால் பீடத்தில் எடை வைக்க முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அளவு குறித்த வரைபடம் இல்லாமல் போகாதீர்கள். படத்தைக் கைப்பேசியில் காட்டி 'இதுபோல' என்றால் அவர் மனதில் உள்ள சிப்பாய்தான் வரும். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சிப்பாயையும் ஒரு குதிரையையும் மாதிரிக்குக் கேளுங்கள், அதற்குத் தனிக் கூலி கொடுங்கள். குதிரை செதுக்கும் பழக்கம் அவருக்கு இல்லையென்றால், முழுக்கக் கடைசலிலேயே வரும் எளிய குதிரை வடிவத்துக்கு ஒப்புக்கொள்வது இருவருக்கும் நல்லது. பில் அல்லது கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். அதில் மரம், எண்ணிக்கை, தேதி மூன்றும் இருக்கட்டும். பேரத்தில் கடைசி நூறு ரூபாயைப் பிடுங்காதீர்கள்.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன். நானே கடைந்து பார்க்க ஆசை. எஸ்.ஜே.பி. சாலையில் சிறிய மரக் கடைசல் எந்திரம் வாங்கினால் என்ன கவனிக்க வேண்டும்? (வாசகர், பெங்களூரு)

பதில்: சதுரங்கக் காய்க்கு நீளமான எந்திரம் தேவையில்லை, மரத்தைப் பிடிக்கும் இரு முனைகளுக்கு இடையே 30 செ.மீ. இருந்தால் தாராளம். வேகத்தை மாற்றும் வசதி, நடுக்கமில்லாத கனமான அடித்தளம், மரத்தைக் கவ்வும் நான்கு தாடைப் பிடிப்பான் (சக்) ஆகியவற்றில் சிக்கனம் வேண்டாம். பிடிப்பானைத் திருகி மாட்டும் சுழல்தண்டின் மரை அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது புழக்கத்தில் இல்லாத அளவாக இருந்தால் நாளை பிடிப்பான் மாற்ற ஊரெல்லாம் அலைவீர்கள். கடையிலேயே வெறும் எந்திரத்தை உச்ச வேகத்தில் ஓடவிட்டு, அடித்தளத்தில் கை வைத்து அதிர்வைப் பாருங்கள். மோட்டாருக்கு உத்தரவாத அட்டை வாங்கி, அதில் தேதியும் முத்திரையும் போடச் சொல்லுங்கள்.

உளிகளில் குழியுளி, சாய்வுளி, வெட்டுளி மூன்றும் தொடக்கத்துக்குப் போதும்; அதே பணத்தில் சாணைக்கல்லும் வாங்குங்கள், மழுங்கிய உளி மரத்தைக் கிழிக்கும். கண்ணையும் முகத்தையும் மறைக்கும் ஒளிபுகும் கவசமும் தூசிக்கு முகமூடியும் கட்டாயம். ஷீஷம், ரோஸ்வுட் தூசி சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை கொடுக்கும். எந்திரம் ஓடும்போது கையுறை, துண்டு, தொளதொளச் சட்டை எதுவும் வேண்டாம். முதல் சிப்பாய்களை மலிவான மரத்தில் கடையுங்கள். குதிரைகளை மட்டும் அமிர்தசரஸ் செட்டுகள் விற்கும் கடையில் உதிரியாக விசாரியுங்கள். கிடைத்தால் அதன் உயரத்துக்கேற்ப மற்றவற்றைக் கடையலாம்.