மேசை மேல் இருக்கிற அண்ணனோட பழைய பை: ஆங்கில வாக்கியக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. ஒரு பொருள் யாருடையது, எப்படிப்பட்டது, எங்கே இருக்கிறது என்று மூன்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் சொல்லும்போது வார்த்தைகள் எந்த வரிசையில் நிற்க வேண்டும்? ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், வரிசை காதில் ஏறும்.

"மேசை மேல் இருக்கிற என் அண்ணனோட பழைய பை கிழிஞ்சிருக்கு" என்பதை என் சின்ன மகன் "டேபிள் ஆன் மை பிரதர் ஓல்ட் பேக் இஸ் டோர்ன்" என்று எழுதினான். வார்த்தைகள் எல்லாம் தெரிந்திருக்கிறது, வாக்கியம் மட்டும் வரவில்லை. எப்படிச் சொல்லிக் கொடுப்பது? (ஓர் அம்மா, விருத்தாசலம்)

உங்கள் பிள்ளை தமிழை ஒழுங்காகக் கற்றிருக்கிறான், அதனால் வந்த பிழை இது. தமிழில் பை கடைசியில் நிற்கும். அதைப் பற்றிச் சொல்ல வேண்டிய எல்லாம் அதற்கு முன்னால் வரிசை கட்டும். ஆங்கிலத்தில் பை நடுவில் நிற்கும். யாருடையது, எப்படிப்பட்டது என்ற இரண்டும் முன்னால், எங்கே இருப்பது என்பது பின்னால்: "மை பிரதர்'ஸ் ஓல்ட் பேக் ஆன் த டேபிள் இஸ் டோர்ன்."

துண்டுச் சீட்டுகளில் எழுதித் தரையில் பரப்பிக் காட்டுங்கள். "பேக்" என்ற சீட்டை நடுவில் வையுங்கள். அதற்கு இடப்பக்கம் "மை பிரதர்'ஸ்", "ஓல்ட்". வலப்பக்கம் "ஆன் த டேபிள்". அந்த வலப்பக்கச் சீட்டுக்குள்ளேயே இன்னொரு தலைகீழ் இருக்கிறது. நாம் "மேசை மேல்" என்போம். அவர்கள் "மேல் மேசை" என்பார்கள். ஆக இரண்டு முறை திருப்ப வேண்டும். உங்கள் மகன் ஒன்றைக்கூடத் திருப்பவில்லை, அவ்வளவுதான்.

கொஞ்சம் பழகியதும் நீளமாக ஒன்று கொடுத்துப் பாருங்கள்: "எங்க தெரு முனையில இருக்கிற கடைக்குப் பின்னால இருக்கிற கிணறு." இதை வாலிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். கிணறு, பின்னால், கடை, முனை, தெரு. "த வெல் பிஹைண்ட் த ஷாப் அட் த கார்னர் ஆஃப் அவர் ஸ்ட்ரீட்." அப்படியே வந்துவிடும். "எங்க தெரு" என்ற ஜோடியை மட்டும் பிரித்துவிடக் கூடாது.

பெயரடைகளின் வரிசைக்கு அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், மூலப்பொருள் என்று ஒரு பட்டியல் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். தேவையா? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், தேனி)

தேர்வுக்கு வேண்டுமானால் செய்யுங்கள். பேசவும் எழுதவும் உங்கள் தமிழ்க் காதே பெரும்பாலும் போதும். "அழகான பழைய சிவப்புக் காஞ்சிபுரம் பட்டுப்புடவை" என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே சொல்கிறோம். "பட்டு சிவப்புப் பழைய அழகான புடவை" என்றால் கடைக்காரரே சிரிப்பார். ஆங்கிலமும் அதே வரிசைதான்: "பியூட்டிஃபுல் ஓல்ட் ரெட் காஞ்சிபுரம் சில்க் சாரி."

காது ஏமாற்றும் இடம் வேறு. "அழகான என் அம்மாவோட புடவை" என்று தமிழில் பெயரடையை உடைமைக்கு முன்னால் தூக்கிப் போட்டாலும் குரல் ஏற்ற இறக்கத்தில் சமாளித்துவிடலாம். ஆங்கிலத்தில் உடைமைதான் முதலில் வர வேண்டும். பெயரடை எதை ஒட்டி நிற்கிறதோ அதைத்தான் குறிக்கும். "மை டீச்சர்'ஸ் ஓல்ட் ஹவுஸ்" என்றால் வீடு பழையது. "மை ஓல்ட் டீச்சர்'ஸ் ஹவுஸ்" என்றால் ஆசிரியர் வயதானவர், அல்லது முன்பு பாடம் எடுத்தவர். வீடு புதிதாகவும் இருக்கலாம்.

"என் நண்பர் ஒருவர்" என்பதற்கு "மை ஒன் ஃப்ரெண்ட்" சரியா? (தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்)

உங்களுக்கு இருப்பதே அந்த ஒரு நண்பர்தான் என்று கேட்பவர் பரிதாபப்படுவார். ஆங்கிலத்தில் "எ", "த", "மை" மூன்றுக்கும் ஒரே நாற்காலி. ஒருவர் உட்கார்ந்தால் மற்றவருக்கு இடமில்லை. "த மை ஹவுஸ்" கிடையாது, "எ மை ஃப்ரெண்ட்" கிடையாது. இரண்டும் வேண்டுமென்றால் ஒன்றைப் பின்னால் அனுப்ப வேண்டும்: "எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்." பெயரடை சேர்ந்தால் "அன் ஓல்ட் ஃப்ரெண்ட் ஆஃப் மை ஃபாதர்'ஸ்."

கடைசியில் "ஆஃப்" இருக்கும்போது "'ஸ்" எதற்கு என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். நண்பர் விஷயத்தில் அது இல்லாமலும் சொல்வதுண்டு. ஆனால் ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "அப்பாவின் படம்" என்று தமிழில் சொன்னால் அப்பா உருவம் இருக்கும் படமா, அப்பா எடுத்த படமா, அப்பா பெட்டியில் வைத்திருக்கும் படமா? மூன்றும் ஆகலாம். நம் இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளை, அதாவது உடைமைப் பொருளை, தற்கிழமை, பிறிதின்கிழமை என்று பிரித்தார்கள். அவனது கை அவனை விட்டுப் பிரியாது, அவனது வீடு பிரியும் என்ற கணக்கு. ஆங்கிலத்தில் "மை ஃபாதர்'ஸ் ஃபோட்டோ" நம் தமிழைப் போலவே மூன்று பக்கமும் இழுக்கும். "எ ஃபோட்டோ ஆஃப் மை ஃபாதர்" என்றால் படத்தில் இருப்பவர் அப்பா. "எ ஃபோட்டோ ஆஃப் மை ஃபாதர்'ஸ்" என்றால் படம் அப்பாவுடையது. அதில் ஆட்டுக்குட்டி இருந்தாலும் இருக்கலாம். இந்த ஒரு "'ஸ்" செய்கிற வேலையைப் பார்த்து எனக்கு இன்னமும் ஆச்சரியம் தீரவில்லை.

"எங்க அப்பா விவசாயி" என்பதற்கு நேர்முகத் தேர்வில் என்ன சொல்ல வேண்டும்? (பட்டதாரி, பெரம்பலூர்)

"மை ஃபாதர்." நாம் ஒற்றைப் பிள்ளையாக இருந்தாலும் "எங்க அப்பா, எங்க வீடு" என்றுதான் சொல்கிறோம், "என் அப்பா" என்றால் கொஞ்சம் துண்டாகப்படுகிறது. அதையே ஆங்கிலத்துக்கு எடுத்துப் போய் "அவர் ஃபாதர்" என்றால், பக்கத்தில் உங்கள் தம்பியும் உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். (தமிழ் எழுத்தில் எழுதினால் இந்த "அவர்" வேறு குழப்புகிறது.)

மரியாதைப் பன்மையும் இதே ரகம். "மேடம் அவங்க வீட்டுக்காரரோட வந்தாங்க" என்பதை "மேடம் கேம் வித் தேர் ஹஸ்பண்ட்" என்று எழுதுகிறார்கள். மரியாதையை "தேர்" தாங்காது, "ஹெர்" போதும்.

தமிழில் இருந்து ஆங்கிலத்தில் தொலைந்து போகும் ஒரு நல்ல சொல் "தன்". "மேனேஜர் டிரைவரிடம் தன் கார் பழுது என்றார்" என்றால் கார் மேனேஜருடையது, சந்தேகமில்லை. "ஹிஸ் கார்" என்று எழுதினால் யார் கார் என்று தெரியாது. அங்கே கூச்சப்படாமல் பெயரைத் திரும்ப எழுதுங்கள், அல்லது அவர் பேசியதை மேற்கோளாகவே கொடுங்கள்.

"தண்ணீர் நிறைந்த குடம்": "எ ஃபுல் ஆஃப் வாட்டர் பாட்"? (பள்ளி ஆசிரியை, கரூர்)

"எ பாட் ஃபுல் ஆஃப் வாட்டர்." பெயரடை தனியாக வந்தால் முன்னால், பின்னால் "ஆஃப்", "வித்" என்று வால் முளைத்துவிட்டால் வாலோடு சேர்ந்து பின்னால் போகும். "எ ப்ரௌட் ஃபாதர்", ஆனால் "எ ஃபாதர் ப்ரௌட் ஆஃப் ஹிஸ் டாட்டர்."

"பேக்சைட் ஆஃப் அவர் ஹவுஸ்" என்று எழுதினால் ஏன் சிரிக்கிறார்கள்? (வாசகர், மன்னார்குடி)

நம் ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அந்தச் சொல்லுக்கு முதலில் நினைவுக்கு வருவது உடம்பில் நாம் உட்காரப் பயன்படும் இடம். வீட்டுக்குப் பின்னால் என்றால் "பிஹைண்ட் அவர் ஹவுஸ்." வீட்டின் பின்பகுதி என்றால் "த பேக் ஆஃப் அவர் ஹவுஸ்."

நீலச் சட்டை போட்டவரோட வண்டி என்பதற்கு "'ஸ்" எங்கே வரும்? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பேச்சில் தொடரின் கடைசியில்: "த மேன் இன் த ப்ளூ ஷர்ட்'ஸ் பைக்." சட்டைக்கு வண்டி இருப்பதுபோல் தோன்றினாலும் ஆங்கிலேயர் அப்படித்தான் பேசுகிறார்கள். "மை ஃபாதர்-இன்-லா'ஸ் ஹவுஸ்" என்பதும் இதே கட்டுமானம்தான். எழுதும்போது நான் "த பைக் பிலாங்கிங் டு த மேன் இன் த ப்ளூ ஷர்ட்" என்று பிரித்துவிடுவேன்.

"'ஸ்"-இல் மேலே வைக்கும் அந்தப் புள்ளியை (அபாஸ்ட்ரஃபி) பற்றிக் கேட்ட இன்னொருவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு அக்கா வீடு "மை சிஸ்டர்'ஸ் ஹவுஸ்". இரண்டு அக்காக்கள் சேர்ந்து வாழும் வீடு "மை சிஸ்டர்ஸ்' ஹவுஸ்". உச்சரிப்பில் வித்தியாசமே இல்லை. லண்டன் சுரங்க ரயிலில் அடுத்தடுத்த இரண்டு நிலையங்கள்: "எர்ல்'ஸ் கோர்ட்" பலகையில் புள்ளி உண்டு, "பேரன்ஸ் கோர்ட்" பலகையில் கிடையாது. அவர்களுக்கே அப்படி என்றால் நாம் பயப்பட வேண்டியதில்லை.

மதுரையில் என் அக்கா கல்யாணம். லீவு லெட்டரில் "ஐ வான்ட் டூ டேஸ் லீவ் ஃபார் மை மதுரை சிஸ்டர் மேரேஜ்" என்று எழுதினேன். உடன் வேலை செய்பவர் கிண்டல் செய்கிறார். (பெங்களூரில் வேலை செய்பவர்)

உங்களுக்கு மதுரையில் ஒரு அக்கா, கோவையில் ஒரு அக்கா என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். மதுரை எதை ஒட்ட வேண்டும்? கல்யாணத்தை. அப்படியானால் கல்யாணத்துக்குப் பின்னால் வையுங்கள்: "மை எல்டர் சிஸ்டர்'ஸ் வெட்டிங் இன் மதுரை." மேரேஜ் என்பது பெரும்பாலும் வாழ்க்கை, வெட்டிங் என்பது பந்தல். "சிஸ்டர் இன் மதுரை'ஸ் வெட்டிங்" என்று எழுதினால் மறுபடியும் மதுரைக்கார அக்கா வந்துவிடுவார்.

இரண்டு நாளுக்கும் உடைமை உண்டு, புள்ளி போடுங்கள். "ஐ வான்ட்" என்று மேலதிகாரியிடம் கேட்க வேண்டாம். "ஐ ரிக்வெஸ்ட் டூ டேஸ்' லீவ் ஃபார் மை எல்டர் சிஸ்டர்'ஸ் வெட்டிங் இன் மதுரை." கடிதத்தில் எந்தத் தேதி என்று எழுதவே இல்லையே, அதையும் சேர்த்து அனுப்புங்கள்.