கட்டணம் வாங்கிக்கொண்டு பதில் சொல்லாத கம்பைலர் நிறுவனத்தை என்ன செய்வது?

கேள்வி: "சிலரே பயன்படுத்தும் ஒரு சி கம்பைலரை (சி மொழி நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளை) ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தோடு வாங்கியிருக்கிறோம். பிழைகளைப் புகார் செய்தால் உருப்படியான பதில் இல்லை. பொறுத்துக்கொள்வதா, வேறு கருவிக்கு மாறுவதா?"

உங்கள் கோபம் நியாயமானது. நானும் 8 பிட் மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு (சாதனங்களை இயக்கும் சிறு சிப்களுக்கு) நிரல் எழுதுகிறவன். இப்படி ஒரு கம்பைலரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். சிக்கல் வந்தது ஒரு லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதியில்): வன்பொருள் பதிவேடு (சிப்புக்குள் உள்ள சிறு நினைவிடம்) ஒன்றின் மதிப்பு மாறும்வரை அது காத்திருக்க வேண்டும். 'வோலட்டைல்' (ஒவ்வொரு முறையும் மதிப்பைப் புதிதாகப் படிக்க வேண்டும்) என்று முறையாக அறிவித்திருந்தும், நிரலைச் சுருக்கி வேகமாக்கும் ஆப்டிமைசேஷனைக் கூட்டியதும் கம்பைலர் உருவாக்கிய நிரல் பதிவேட்டை ஒரே ஒருமுறை படித்துவிட்டு, அந்தப் பழைய மதிப்பையே ஓயாமல் சோதித்துக்கொண்டிருந்தது. பிழையைக் காட்டும் சில வரி மாதிரி நிரல், அதற்குரிய அசெம்பிளி (கம்பைலர் உருவாக்கிய எந்திரக் கட்டளைகள்), தவறு நிகழும் இடம் எல்லாவற்றையும் அனுப்பினேன். "முழு புராஜெக்டையும் அனுப்புங்கள்" என்று பதில் வந்தது. பிறகு, "ஆப்டிமைசேஷனை நிறுத்திவிடுங்கள்" என்றார்கள். நிறுத்தினால் நிரல் ஃபிளாஷ் நினைவகத்தில் அடங்காது என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். யாரும் அதைப் படிக்கவில்லை. எனக்கு ஆறாதது பிழையல்ல, இதுதான்.

பிழை எந்தக் கம்பைலரிலும் வரும். யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2008-இல் 13 சி கம்பைலர்களை இதே வோலட்டைல் விஷயத்தில் சோதித்தார்கள், பதின்மூன்றுமே தவறின. ஆனால் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஜிசிசி கம்பைலரில் பிழை கண்டால் அதன் பிழைப்பட்டியல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்: யார் முன்பே புகார் செய்தார்கள், எந்தப் பதிப்பில் சரியானது என்று பார்த்துக்கொள்ளலாம். சிறு நிறுவனக் கருவிகள் பலவற்றில் அந்தப் பட்டியல் பூட்டிக் கிடக்கிறது. அதே பிழையில் மாட்டிக்கொண்ட இன்னொரு வாடிக்கையாளர் இருப்பதே நமக்குத் தெரியாது. தேடினாலும் எங்கும் கிடைக்காது. அதனால்தான் இத்தகைய கருவிகளில் ஆதரவை உபரி வசதியாகக் கருத முடியாது. நாம் காசு கொடுத்து வாங்கும் பொருளில் அது பாதி.

இப்போதைக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதே ஆய்வில் ஒரு மாற்றுவழியும் இருக்கிறது. வோலட்டைல் மாறியை நேரடியாகத் தொடாமல், படிப்பதையும் எழுதுவதையும் சிறு ஃபங்ஷன்கள் வழியாகச் செய்தால், தவறிய நிரல்களில் 96 சதவீதம் சரியாக ஓடின. அந்த ஃபங்ஷன்களைத் தனிக் கோப்பில் வையுங்கள், கம்பைலர் அவற்றை இன்லைன் செய்துவிடாமல் (அழைத்த இடத்திலேயே அவற்றின் வரிகளைப் பதித்துவிடாமல்) பார்த்துக்கொள்ளுங்கள். வேகம் சற்றுக் குறையும்.

புகாரோடு அனுப்பும் மாதிரி நிரலைச் சுருக்க சி-ரெட்யூஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. பிழை இன்னும் இருக்கிறதா என்று சோதிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிக் கொடுத்தால், மிச்சத்தை அதுவே வெட்டித் தள்ளிவிடும். முழு புராஜெக்டை வெளியே அனுப்பும் தேவையும் இல்லாமல் போகும். புகாரில் "சரிசெய்யுங்கள்" என்று மட்டும் எழுதாமல், எந்தெந்தப் பதிப்புகளில் இது இருக்கிறது, எந்த ஆப்டிமைசேஷனை மட்டும் நிறுத்தினால் போதும் என்று கேளுங்கள். அதற்கும் பொதுப்படையான பதிலே வந்தால், உங்கள் புகார் கம்பைலரை எழுதுகிறவர்களிடம் போய்ச் சேரவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மாறுவதா என்ற கேள்விக்கு: உங்கள் சிப் 8051, இசட்80, எஸ்டிஎம்8 வகைகளில் ஒன்று என்றால் எஸ்டிசிசி என்ற திறமூலக் கம்பைலரில் உங்கள் நிரலை இன்றே ஒருமுறை கம்பைல் செய்து பாருங்கள். கம்பைலர் நிறுவனத்துக்கே உரிய சிறப்புச் சொற்களை முதலில் ஒரே ஹெடர் கோப்புக்குள் ஒதுக்குங்கள். மாறும்போது அவைதான் அதிகம் படுத்தும். வாகன மின்னணுவியலுக்கான ஐஎஸ்ஓ 26262 போன்ற பாதுகாப்புத் தரத்தின் கீழ் வேலை செய்கிறீர்கள் என்றால் மாறுவது எளிதல்ல, புதிய கம்பைலரை நம்பலாம் என்பதற்கான சான்றுகளை மறுபடி திரட்ட வேண்டும். நிறுவனங்களுக்கும் இது தெரியும். அந்த நிலையில் உங்களிடம் இருக்கும் ஒரே பிடி அடுத்த ஆண்டுக் கட்டணம்தான். பதில் வராத புகார்களைத் தேதியோடு இணைத்து, அறியப்பட்ட பிழைகளின் முழுப் பட்டியலை வாடிக்கையாளர்களுக்குத் தர வேண்டும் என்பதைப் புதுப்பிப்பு ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள்.